சாப்பிடாத சர்க்கரை

பழைய இரும்பை உருக்கும் ஆலையின் வாசலில் இருபத்திரண்டு வருடமாக லாரிகளை எடை போட்டவர் அவர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் கிராம் அக்கா. அந்த எடைமேடை பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது. ஆனாலும் ஒரு கிராமைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவை ஏமாற்ற ஓட்டுநர்கள் செய்து பார்க்காத வேலை இல்லை. சரக்கோடு உள்ளே வரும்போது கிளீனர் இருக்கைக்குப் பின்னால் சுருண்டு படுத்திருப்பான். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி எடைக்குத் திரும்பும்போது ஆள் காணாமல் போயிருப்பான். எழுபது கிலோ இரும்பு சும்மா கூடிவிடும். இன்னொருவர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து, உள்ளே போய்த் திறந்துவிடுவார். வேறொருவர் காலி எடையின்போது பின்சக்கரத்தை மேடை விளிம்புக்கு வெளியே அரை அடி விட்டு நிறுத்துவார். அக்கா கையில் ஒரு நீளக் கம்பியோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். தட்டுவார், குனிவார், முகர்வார். பிறகுதான் பொத்தானை அழுத்துவார். "எங்க அக்கா சொந்த நிழலையும் ஒரு தடவ எடை போட்டுத்தான் உள்ள விடும்" என்பார்கள்.

வேலையில் இந்தக் குணம் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. வீட்டில்தான் சிக்கல்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் தொலைவில் ஒரு மின்நிலையத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். வீட்டில் இருப்பது அக்காவும் மருமகளும். மருமகள் பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் மதியத்துக்கு மேல் உட்காருபவள். முழங்கால் வலி வந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்கா சமையலறையை மருமகளிடம் விட்டார். அதே சமயத்தில்தான் அவருடைய சர்க்கரையும் ஏறத் தொடங்கியது. இரண்டையும் கூட்டிப் பார்க்க அக்காவுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். முதல் ஏழு வருடம் மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது. இப்போதோ காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தினால் 198, 214, 205 என்று வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். எண் அசையவில்லை.

சர்க்கரை டாக்டர் இளம் பெண். பேச்சில் மரியாதை இருந்தது, பார்வையில் இல்லை.

"மறைக்காம சொல்லுங்கம்மா. ராத்திரி ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஏழரைக்கு ரெண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் காய். அதோட சரி."

"அப்புறம்?"

"அப்புறம் தண்ணி."

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை அக்காவுக்குப் புதிதில்லை. கிளீனரை ஒளித்து வைத்திருக்கும் ஓட்டுநரை அவரே அப்படித்தான் பார்ப்பார். வாழ்க்கையில் முதன்முறையாக அது தன் மேல் விழுந்தபோது காது மடல் சுட்டது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே விசாரணை தொடங்கிவிட்டது. ஆலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட்ட எடைக்கற்களை ஏற்றி மேடையைச் சரிபார்ப்பார்கள். அதே முறைதான் இங்கேயும். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்க் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த அதே நிமிடத்தில், தன் கருவியில் விரலையும் குத்திக்கொண்டார். நிலையம் 206 என்றது, கருவி 211 என்றது. கருவி மேல் குற்றமில்லை. அடுத்தது மாத்திரை. மூன்று வெவ்வேறு கடையில் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றிப் பார்த்தார். வித்தியாசமில்லை. பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தார். மூன்றாம் நாள் பார்த்தால் சர்க்கரை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"இதுல யாரு கை வச்சது?"

"நான்தான் அத்தை. என் டீக்கு."

"ஒரு டீக்கு எத்தனை கரண்டி?"

"ரெண்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"மூணு." மருமகள் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஏன் அத்தை, எடைச்சீட்டு போடப் போறீங்களா?"

அவள் கிளினிக்குக்குப் போன பிறகு அக்கா கரண்டி கரண்டியாக அளந்து கொட்டி டப்பாவைக் கோடு வரை நிரப்பினார். சரியாகப் பதினெட்டுக் கரண்டி. கணக்கு நேராக இருந்தது. நேராக இருந்ததுதான் அவரை உறுத்தியது. கைதேர்ந்தவர்கள்தான் கணக்கை இவ்வளவு நேராக வைப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அறையைப் பெருக்கும்போது ஜன்னல் திரைக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது. மருமகளின் பழைய போன். சார்ஜரில் செருகப்பட்டு, திரையில் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். ஒலிப்பதிவு. கீழே தேதி போட்டுப் பதினொரு பழைய பதிவுகள் வேறு இருந்தன.

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இது என்ன?"

மருமகளின் முகம் வெளுத்தது. "அது... சும்மா அத்தை."

"சும்மா ஒருத்தி மாமியார் ரூமுல போனை ஒளிச்சு வைப்பாளா? யாருக்குப் போட்டுக் காட்ட? உன் புருஷனுக்கா? தூக்கத்துல உங்கம்மா என்னைத் திட்டுறாங்கன்னு சொல்லவா?"

"கேட்டுப் பாருங்க அத்தை. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க."

"நீ பதிஞ்சத நான் கேக்கணுமா? எதைச் சேர்த்த, எதை வெட்டினன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

போன் அக்காவின் அலமாரிக்குள் போனது. சாவி அவர் இடுப்புக்குப் போனது. மகனிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசினார்கள். அவன் இருவரிடமும் "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அக்கா தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றார். உப்பு, மாவு, எண்ணெய் எல்லாம் தனி. தண்ணீரைக்கூடத் தானே குழாயில் பிடித்தார். பதினான்கு நாள் கழித்து விரலைக் குத்திப் பார்த்தார். 209.

அந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் விடுதலையாகிவிட்டாள் என்று அது சொன்னது. ஆனால் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. ஆள் யாரென்று தெரிந்த பயம் ஒரு மாதிரி, தெரியாத பயம் வேறு மாதிரி. குழாய்த் தண்ணீரையே ஒரு நாள் சந்தேகமாகப் பார்த்தார்.

இந்த நிலையில்தான் ஆலையில் அவர் தலையிலேயே இடி விழுந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்த லாரியின் காலி எடை 8,860 கிலோ என்று பதிவாகியிருந்தது. அதே வண்டி அதற்கு முந்தைய ஐந்து தடவையும் பதினோராயிரத்தைத் தொட்டது. காலி எடை குறைந்தால் சரக்கு எடை கூடும். இல்லாத இரண்டு டன் இரும்பு உள்ளே வந்ததாகச் சீட்டு சொன்னது. சீட்டில் அக்காவின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை அவரைப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அதிகாரியும் ஆலை முதலுதவி அறை நர்ஸும் இருந்தார்கள். நர்ஸ் எதற்கு என்று அக்காவுக்குப் புரியவில்லை.

"அந்த டிரைவர் உங்களுக்குப் பழக்கமா?" என்றார் அதிகாரி.

"வாசல்ல வர்ற எல்லாரும் பழக்கம்தான்."

"ஏதாவது குடுத்தானா?"

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இருபத்திரண்டு வருஷம் சார். இந்த வாசல்ல ஒரு டீ வாங்கிக் குடிச்சிருப்பேனா யார்கிட்டயாவது? கேமரா இருக்குல்ல? படத்தைப் போடுங்க. எல்லாரும் பாக்கலாம்."

"அதுக்குத்தான் கூப்பிட்டோம். உக்காருங்க."

படத்தில் சத்தம் இல்லை. எடைமேடைக் கூண்டின் மேல் மூலையிலிருந்து எடுத்தது. அக்கா தன்னையே மேலிருந்து பார்த்தார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பால் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. கண்ணைக் கசக்கினாள். இன்னொன்று. பிறகு தலை மெல்லச் சாய்ந்தது. தாடை மார்பில் இடித்தது.

"தூங்குறீங்க" என்றார் அதிகாரி.

"கண்ண மூடியிருப்பேன்."

படத்தில் காலி லாரி வந்து மேடை மேல் ஏறியது. கடைசி ஜோடிச் சக்கரங்கள் மட்டும் இன்னும் வெளியே. தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது போல் துள்ளியது. வாயை அகலத் திறந்து காற்றை இழுத்தாள். கை தானாக நீண்டு பொத்தானை அழுத்தியது. சீட்டு வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மறுபடி சாய்ந்தாள். எழுந்து வெளியே போகவில்லை, கம்பியை எடுக்கவில்லை.

இதில் ஒன்றுகூட அக்காவுக்கு நினைவில் இல்லை.

"குடிக்கிற பழக்கம், தூக்க மாத்திரை, ஏதாவது?" என்றார் அதிகாரி. நர்ஸை வரவழைத்திருந்தது இதற்குத்தான்.

நர்ஸ் அதற்குள் திரைக்கு அருகில் போயிருந்தார். "சார், அந்த இடத்தைத் திரும்பப் போடுங்க. சாய்ஞ்சதுல இருந்து." திரையில் அக்காவின் வயிற்றைக் காட்டினார். "பாருங்க. வயிறு அசையுது, நெஞ்சு ஏறல. காத்து உள்ள போகல. எண்ணுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தியேழு செகண்ட்."

"அதுக்கப்புறம்தான் துள்ளி எழறாங்க. மறுபடியும் பாருங்க. நின்னுடுச்சு... இருபத்திரண்டு." நர்ஸ் திரும்பினார். "அக்கா, ராத்திரி குறட்டை விடுவீங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் தூங்கிக்கிட்டுல்ல இருப்பேன்."

"வீட்டுல யாராவது சொல்லியிருப்பாங்களே?"

திரைக்குப் பின்னால் மருமகள் ஒளித்து வைத்த போன் அக்காவின் நினைவுக்கு வந்தது.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். அதிகாரி அந்த இழுப்பறையையும் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே மிட்டாய்க் காகிதம் ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு ஷிப்ட்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு. கண் சொருகாமல் இருக்கப் போட்டுக்கொண்டது. சர்க்கரை டாக்டர் கேட்டபோதெல்லாம் அக்கா பொய் சொல்லவில்லை. மிட்டாயை அவர் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. மருமகளின் பதினெட்டுக் கரண்டியை எண்ணியவர் தன் இழுப்பறையை ஒரு நாளும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து போனை எடுத்துச் சார்ஜரில் போட்டார். மருமகள் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் மேசை மேல் வைத்தார்.

"போடு" என்றார்.

அவள் ஒரு பதிவைத் தொட்டாள். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் முதல் கியரில் ஏறுவது போல ஒரு உறுமல். பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும். அக்கா காத்திருந்தார். இன்னும் ஒன்றுமில்லை. முழங்கியபோது வராத பயம் அந்த அமைதியில் வந்தது. கிணற்றிலிருந்து தூக்கியவரைப் போல யாரோ வாயால் காற்றை அள்ளினார்கள். மறுபடி உறுமல்.

"எப்போ இருந்து இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல அத்தை."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. குறட்டை விடுறீங்க, நடுவுல மூச்சு நிக்குது, டாக்டர்கிட்ட கேக்கலாம்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க ஞாபகம் இருக்கா? 'என் மூச்சு எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கியா'ன்னு கேட்டீங்க."

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது.

"அதான் சாட்சியோட சொல்லலாம்னு பதிஞ்சேன்" என்றாள் மருமகள். "சுவர் மெலிசு. நின்ன மூச்சு திரும்ப வர்ற வரைக்கும் எனக்கும் தூக்கம் வராது. நீங்க காத்த இழுத்தப்புறம்தான் நான் இழுப்பேன்."

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அக்காவிடம் இல்லை. "டீ போடேன்" என்றார். போட்டுக் கொடுத்ததை முகர்ந்து பார்க்காமல் குடித்தார்.

தூக்கத்துக்கு என்று தனியாக ஒரு டாக்டர் இருப்பதே அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. "நாளைக்கு நடக்குறதுக்கு ஒரு டாக்டர்னு வருவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மருமகளோடு போனார். தலையிலும் மார்பிலும் ஒயர்களும் விரலில் ஒரு கவ்வியுமாக ஒரு இரவு படுக்க வைத்தார்கள். முடிவுக்கு நான்கு நாள் ஆனது.

டாக்டர் நடுவயதுக்காரர், அவசரப்படாதவர். "மணிக்கு முப்பத்தெட்டு தடவ மூச்சு தடைப்படுது. ரத்தத்துல ஆக்சிஜன் எழுபத்தி நாலு சதவீதம் வரைக்கும் இறங்குது. தூங்கினதும் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைச்சுக்குது. ராத்திரி மூச்சு மெஷின் போட்டுத் தூங்கணும்."

"அதுக்கும் என் சர்க்கரைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"மூச்சு நிக்கிறப்ப உடம்பு என்ன நினைக்கும்? ஆபத்துன்னு நினைக்கும். ஓடணும், சண்டை போடணும்னு தயாராகும். அதுக்குத் தெம்பு வேணுமே? கல்லீரல் சேத்து வச்சிருக்கிற சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும். அந்த நேரத்துல இன்சுலின் சொல்றதையும் உடம்பு சரியாக் கேக்காது. இது ராத்திரி முழுக்க நடக்குது. காலையில வெறும் வயிறுன்னு நீங்க விரலைக் குத்துறீங்க."

"அப்போ நான் சாப்பிடாத சர்க்கரை."

"ஒரு பங்கு அப்படி இருக்கலாம்."

அக்காவின் கண் சுருங்கியது. "இருக்கலாமா? அப்போ மெஷின் போட்டா இறங்கிடும்ல?"

"அப்படி எழுதிக் குடுக்க மாட்டேன்மா. சில பேருக்கு நல்லா இறங்குது, சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்கு அசையறதே இல்ல. ஆராய்ச்சி செஞ்சவங்களே ஒரே மாதிரி சொல்லல. ஒழுங்கா மணிக்கணக்கா போடுறவங்களுக்குப் பலன் அதிகம்னு தெரியுது. பகல்ல தூங்கி விழறது நிக்கும், அதை நம்பிச் சொல்வேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "இந்த ஆள் பரவால்ல. கூட்டிச் சொல்லல."

மூச்சு மெஷின் ஒரு சின்ன ரொட்டிப் பெட்டி அளவில் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி. அடைத்துக்கொள்ளும் தொண்டையைக் காற்றின் அழுத்தத்தால் திறந்தே வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அக்காவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பட்டை காதுக்கு மேல் அறுத்தது, மூக்குத் தண்டில் தடம் விழுந்தது, வாய் காய்ந்தது. "தீயணைப்பு வண்டிக்காரன் மாதிரி இருக்கேன்" என்றார். அரை மணியில் கழற்றி எறிந்தார்.

இரண்டு வாரம் கழித்து மெஷினோடு வரச் சொன்னார்கள். டாக்டர் அதன் பக்கவாட்டிலிருந்து நகத்தளவு அட்டை ஒன்றை உருவிக் கணினியில் செருகினார்.

"சராசரியா ராத்திரிக்கு ஐம்பது நிமிஷம்தான் போட்டிருக்கீங்க."

அக்கா திடுக்கிட்டு மருமகளைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை" என்று அவள் கையைத் தூக்கினாள்.

"மெஷின்தான் சொல்லுது" என்றார் டாக்டர். "எத்தனை மணிக்குப் போட்டீங்க, எப்ப எடுத்தீங்க, எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டுச்சு, எல்லாம் இதுல இருக்கு."

வீடு வரும் வழியெல்லாம் அக்காவுக்கு அதே யோசனை. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றனை வைத்துக்கொண்டா தூங்குவது? அன்றிலிருந்து அவர் ஒரு ஏற்பாடு செய்தார். மெஷினை ஓடவிட்டு, முகமூடியைத் தலையணை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் நிறுத்தினார். தினமும் ஏழு மணி நேரம்.

அடுத்த முறை டாக்டர் கணினியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஏழு மணி நேரம். பிரமாதம்." பிறகு திரையை அக்கா பக்கம் திருப்பினார். ஒரு சிவப்புக் கோடு உச்சியில் படுத்துக் கிடந்தது. "இது காத்து கசியுற அளவு. இது மூச்சு. மூச்சே காணோம். தலகாணி நல்லாத் தூங்குதாம்மா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

அக்காவுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. எத்தனை தண்ணீர்ப் பீப்பாய், எத்தனை கிளீனர்கள். பிடிபட்டவர்கள் எல்லாரும் முதலில் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். அதே சிரிப்பு தன் முகத்தில் வருவதை அவரால் தடுக்க முடியவில்லை. அந்தப் பெட்டியின் மேல் முதன்முறையாக அவருக்கு ஒரு மதிப்பு வந்தது. ஏமாற்ற முடியாத ஒன்றை அவர் எப்போதும் மதிப்பார்.

"என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றார் டாக்டர். இந்த முறை அக்கா மறைக்காமல் சொன்னார். மூக்கை மட்டும் மூடும் சின்ன முகமூடி கொடுத்தார்கள். வாய் காயாமல் இருக்க மெஷினில் ஒரு தண்ணீர்த் தொட்டி சேர்த்தார்கள். பகலில் பத்திரிகை படிக்கும்போது போட்டுப் பழகச் சொன்னார்கள். முதல் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு மூன்றரை. ஆறாவது வாரத்தில் ஒரு காலை அக்கா கண் திறந்தபோது வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. தலைவலி இல்லை. தலைவலி இல்லாத காலை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மருமகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?"

"சத்தமே இல்லாம இருந்துச்சு. பயந்து வந்து பார்த்தேன்."

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அக்கா.

ஆலையில் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. டாக்டரின் அறிக்கையை அதிகாரி மூன்று தடவை படித்தார். நோயைச் சாக்காக வைத்து டிரைவரோடு கூட்டு வைத்திருக்கலாமே என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "நான் உங்க இடத்துல இருந்தா இதைத்தான் கேட்டிருப்பேன்" என்றார். கடைசியில் ஒரு வருடப் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். வேறு ஏழு வண்டிகளுக்கு எடை தவறியிருந்தது. அதில் நான்கு ஆலைக்குச் சாதகமாகத் தவறியிருந்தது. தூங்குபவர் ஆள் பார்த்துத் தவறு செய்ய முடியாது என்று அதிகாரி எழுதினார். ஆனால் எடைமேடைக்கு உடனே அனுப்பவில்லை. நான்கு மாதம் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். மாதாமாதம் மெஷின் அட்டையின் அறிக்கையைக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கு இப்படி ஒரு எடைச்சீட்டு வரும் என்று அவர் நினைத்ததில்லை.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சதவீதமாகச் சொல்லும் சோதனைக்கு நாள் வந்தது. முன்பு 9.4 இருந்தது. இப்போது 8.1.

சர்க்கரை டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"இதுல மெஷின் எவ்வளவு, மிட்டாய் எவ்வளவு?"

"என்ன மிட்டாய்?"

அக்கா இழுப்பறைக் கதையைச் சொன்னார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத்தனை நாள் கேட்டேனேம்மா!"

"நீங்க சாப்பாடு என்னன்னுதான் கேட்டீங்க. அது தூக்கத்துக்குப் போட்டது."

தூக்கம் தெளிந்ததும் மிட்டாய் நின்றுவிட்டது. உடம்பு அசந்து கிடக்காததால் மாலையில் மருமகளோடு நடக்கவும் தொடங்கியிருந்தார். எல்லாம் சேர்ந்துதான் இறங்கியிருக்கும், மெஷின் மட்டும் இவ்வளவு இறக்காது என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரே மேடையில் மூன்று வண்டியை நிறுத்தினால் எந்த வண்டி எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

"ஒரு மாசம் மெஷினை நிறுத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்ல?"

"தெரியும். அதுக்குள்ள உங்க இதயத்துக்கு என்ன ஆகும்னும் தெரிஞ்சிடும். அந்தச் சோதனை வேண்டாம்." டாக்டர் குரல் கறாராக இருந்தது. "எண் இன்னும் ஏழுக்கு வரல. வேலை பாக்கி இருக்கு. மாத்திரை தொடரட்டும்."

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் விடவில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் மெஷின், எவ்வளவு நடை, காலை எண் என்ன என்று எழுதினார். ஆறு மணி நேரத்துக்கு மேல் போட்ட இரவுக்கு மறுநாள் எண் கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும். அடுத்த வாரம் அது பொய்யாகும். "இந்தக் கல்லீரல் பலே கள்ளன்" என்பார் மருமகளிடம். அவள் மாமியாரின் பழைய எண்களைப் போனில் ஏற்றிக் கோடு வரைந்து காட்டுவாள். அந்தக் கோட்டையும் அக்கா நோட்டோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்.

வருடக் கடைசியில் சராசரி 7.6 ஆனது. எடைமேடைக் கூண்டுக்கும் திரும்ப அனுப்பினார்கள். கம்பி, குனிதல், தட்டல் எல்லாம் பழையபடி. ஆனால் ஓட்டுநர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். முன்பு வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் இப்போது ஓட்டுபவரையும் சுற்றிப் பார்த்தார்.

கண் சிவந்து கழுத்துத் தடித்த டேங்கர் ஓட்டுநர் ஒருவர் ஒரு மதியம் சீட்டு வாங்க வந்தார்.

"சட்டைக் கழுத்து சைஸ் என்ன?" என்றார் அக்கா. தடித்த கழுத்துக்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைப்பது அதிகம் என்று தூக்க டாக்டர் சொல்லியிருந்தார்.

"எதுக்குக்கா? சட்டை எடுத்துத் தரப் போறியா?"

"குறட்டை விடுவியா?"

"யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரி போன் பண்ணாளா?"

"பகல்ல ஸ்டியரிங்ல கண்ணு சொருகுதா?"

அவர் முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏன்க்கா, ஆபீஸ்ல ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"ஆபீஸுக்கு ஒண்ணும் தெரியாது. சர்க்கரை இருக்கா?"

"...இருக்கு. மாத்திரை போட்டும் இறங்க மாட்டேங்குது. வீட்டுக்காரி நான் வழியில திங்கிறேன்னு சண்டை போடுறா."

அக்கா சீட்டின் பின்பக்கத்தில் தூக்க டாக்டரின் முகவரியை எழுதினார். "அவ சொல்றது பொய்னு நினைக்காத. மெய்னும் நினைக்காத. போய்ச் சோதிச்சுப் பாரு."

ஓட்டுநர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு இதுல என்னக்கா கிடைக்குது?"

நல்ல கேள்வி என்று அக்காவுக்குத் தோன்றியது. "அதையும் விசாரிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைக் கை காட்டி மேடைக்கு அழைத்தார்.